கையடக்க அல்ட்ராசவுண்ட் பார்த்து மணிக்கட்டில் ஊசி: நுனி திரையில் மறைந்துவிடுவது ஏன்?

கேள்வி | கைப்பிரிவு_திருச்சி

வணக்கம். டேப்லெட்டில் செருகிப் பார்க்கும் 4–12 மெகாஹெர்ட்ஸ் லீனியர் ப்ரோப் (தோலில் வைத்து ஸ்கேன் பார்க்கும் கருவி) ஒன்று இருக்கிறது. கார்ப்பல் டனல் (மணிக்கட்டுக் குகையில் மீடியன் நரம்பு அழுந்துவது), டி கெர்வைன் (மணிக்கட்டின் கட்டைவிரல் பக்கம் தசைநாண் உறை இறுகி நோவது), டிரிகர் ஃபிங்கர் (விரல் மடங்கிச் சிக்கிக்கொள்வது), கட்டைவிரல் அடிமூட்டுத் தேய்மானம் ஆகியவற்றுக்கு விரலால் தடவி அடையாளம் பார்த்தே ஊசி போட்டு வந்தோம். இனி ஸ்கேன் பார்த்துப் போடலாம் என்று முதலில் கார்ப்பல் டனலை எடுத்திருக்கிறோம். மூன்று இடத்தில் சிக்கல்.

தோலுக்கு அடியில் முதல் நான்கைந்து மில்லிமீட்டர் மங்கலாக இருக்கிறது. நரம்பு எது, டெண்டன் (தசைநாண்) எது என்று பிரித்துச் சொல்ல நேரமாகிறது. ஊசியின் தண்டு தெரிகிறது, நுனி தெரியவில்லை. தெரிவதாக நினைத்து மருந்தைத் தள்ளினால் அது வேறெங்கோ விரிகிறது. இது ப்ரோப்பின் குறையா, கையின் குறையா?

இன்னொன்று, இந்த நான்கு ஊசிக்குமே ஸ்கேன் தேவைதானா? எதற்கு உண்மையிலேயே பலன் உண்டு? மருந்து அளவு, ஊசி அளவு, எந்தப் பக்கமிருந்து நுழைவது என்பதை விவரமாகச் சொன்னால் உதவியாக இருக்கும்.

பதில் 1 | கைஅறுவை_கோவை

டாக்டர், கார்ப்பல் டனலை மட்டும் நான் எழுதுகிறேன். மற்றதை மற்றவர்கள் சொல்லட்டும்.

முதலில் மங்கல். ஆழம் எவ்வளவு வைத்திருக்கிறீர்கள் என்று பாருங்கள். இந்தக் கருவிகள் பெரும்பாலும் 4 செ.மீ. அல்லது அதற்கு மேல்தான் திறக்கும். மணிக்கட்டில் மீடியன் நரம்பு தோலிலிருந்து ஏறக்குறைய அரை சென்டிமீட்டரில் கிடக்கிறது. 4 செ.மீ. ஆழத்தில் பார்த்தால் திரையின் முக்கால் பங்கு எலும்புக்குப் பின்னால் இருக்கும் கறுப்புதான். 2 செ.மீ.க்குக் கொண்டுவாருங்கள். ப்ரீசெட்டில் (கருவியின் தயார் அமைப்புகளில்) மேலோட்டமான நரம்பு அல்லது தசை–எலும்பு என்று இருப்பதைத் தேர்ந்தெடுங்கள். அதன் பிறகும் மங்கினால் ஜெல்லைத் தாராளமாகக் குவித்து, ப்ரோப் தோலில் அழுந்தாமல் ஜெல் மேல் மிதப்பது போல வையுங்கள். 3–4 மி.மீ. ஜெல் இடையில் இருந்தால் நரம்பு அந்த மங்கல் பகுதியைத் தாண்டிக் கீழே போய்விடும். சிறிய நரம்புகளும் சிரைகளும் அழுந்தி மறையாமல் இருக்கவும் இது உதவும். கைக்கு ஸ்கேன் பார்ப்பவர் முதலில் விட வேண்டிய பழக்கம் அழுத்திப் பிடிப்பது.

நரம்பா டெண்டனா என்பதற்கு இரண்டு சோதனை. ப்ரோப்பை அதே இடத்தில் வைத்துக்கொண்டு முன்னும் பின்னும் சாய்த்துப் பாருங்கள். டெண்டன்கள் பளிச்சென்று வெளுத்தும் கறுத்தும் மாறும், நரம்பு அவ்வளவு மாறாது. அடுத்து, ப்ரோப்பை முழங்கை நோக்கி நகர்த்துங்கள். டெண்டன்கள் தசையாக மாறிவிடும். நரம்பு நரம்பாகவே, மேலடுக்கு மடக்குத் தசைக்கும் கீழடுக்கு மடக்குத் தசைக்கும் நடுவே இறங்கிப் போகும். அங்கே பிடித்து மணிக்கட்டு வரை திரும்பி வந்தால் சந்தேகம் இருக்காது. இந்தப் பயணத்துக்கு அரை நிமிடம் போதும். தவறாமல் செய்யுங்கள், ஏனென்றால் நரம்பு இரண்டாகப் பிளந்திருப்பதும், நடுவே ஒரு மீடியன் தமனி தங்கியிருப்பதும் இப்போதுதான் கண்ணில் படும். ரத்த ஓட்டத்தை நிறத்தில் காட்டும் கலர் டாப்ளரை ஒருமுறை போட்டுவிடுங்கள். அப்போதும் அழுத்தக் கூடாது, தமனி சிறியதென்றால் அழுத்தத்தில் காணாமல் போகும்.

இனி நுழையும் வழி. உள்ளங்கை மேல் பார்க்க, மணிக்கட்டுக்கு அடியில் சுருட்டிய துண்டு, லேசாகப் பின்னோக்கி வளைவு. ப்ரோப் குறுக்காக, உள்ளங்கைக்கு அருகான மணிக்கட்டு மடிப்புக் கோட்டில். சுண்டுவிரல் பக்கம் பைசிஃபார்ம் எலும்பு, கட்டைவிரல் பக்கம் ஸ்கேஃபாய்டு எலும்பின் மேடு, இரண்டும் தெரிய வேண்டும். ஊசி சுண்டுவிரல் பக்கத்திலிருந்து ப்ரோப்பின் நீளத்துக்கு இணையாக வருகிறது. அந்தப் பக்கம் அல்நார் தமனியும், அதற்கும் வெளியே அல்நார் நரம்பும் இருக்கின்றன. ஊசி அவற்றின் மேலாகக் கடந்து, குகையின் கூரையான ரெட்டினாகுலம் என்ற நார்ப்பட்டையைத் துளைத்து, மீடியன் நரம்பின் சுண்டுவிரல் பக்க ஓரத்தில் நிற்க வேண்டும். துடிப்பு எங்கே என்று திரையில் கண்டுகொள்ளாமல் தோலைத் தொடாதீர்கள். தமனி வழியை மறித்தால் ப்ரோப்பைச் சற்று முன்கைப் பக்கம் நகர்த்திப் பார்த்தால் பெரும்பாலும் இடம் கிடைக்கும்.

இந்த வழியின் பெரிய நன்மை கோணம். ஊசி ஏறக்குறைய படுத்தபடி போகிறது, ஒலி அலை செங்குத்தாக அதன் மேல் விழுந்து திரும்புகிறது. அதனால்தான் தண்டு முழுவதும் பளிச்சென்று தெரியும். மடிப்புக் கோட்டுக்கு மேலிருந்து செங்குத்தாகக் குத்தும் பழைய வழக்கத்தை ப்ரோப்புடன் செய்தால் ஒரு புள்ளிதான் தெரியும். அது நுனியா தண்டின் நடுவா என்று சொல்ல முடியாது.

ஊசி 25 கேஜ், ஒன்றரை இஞ்ச். கைக்கு வசதியாகக் கிடைக்கும் 26 கேஜ் அரை இஞ்ச் இதற்குப் போதாது. ப்ரோப்பின் ஓரத்தைத் தாண்டவே பாதி செலவாகிவிடும். மருந்து: மெத்தில்பிரெட்னிசலோன் 40 மி.கி. (1 மி.லி.) உடன் 1% லிக்னோகெய்ன் 1 மி.லி. வெறும் 5% டெக்ஸ்ட்ரோஸ் வைத்து நரம்பைச் சுற்றிப் பிரித்துவிடும் முறைக்கு 5 மி.லி. வேண்டும். பாதியை நரம்புக்கும் ரெட்டினாகுலத்துக்கும் நடுவே, மீதியை நரம்புக்கும் டெண்டன்களுக்கும் நடுவே. மேலே போடும்போது ஒரு காற்றுக்குமிழி இருந்தாலும் அதன் நிழல் நரம்பின் மேல் விழுந்து, கீழே நடப்பது எதுவும் தெரியாமல் போகும். சிரிஞ்சையும் ஊசியின் குழியையும் முழுக்கக் காற்று நீக்கி வையுங்கள்.

ஊசியால் என்ன கிடைக்கும் என்பதை நோயாளியிடம் நேராகச் சொல்லிவிட வேண்டும். 2013-இல் சுவீடனிலிருந்து வெளியான ஆய்வில் 111 பேர். 80 மி.கி., 40 மி.கி., ஸ்டீராய்டு இல்லாத போலி ஊசி என்று மூன்று குழு. 10 வாரத்தில் ஸ்டீராய்டு குழுக்களுக்கு நல்ல ஆறுதல். ஆனால் ஒரு வருடத்துக்குள் அறுவை சிகிச்சைக்குப் போனவர்கள் முறையே 73, 81, 92 சதவீதம். கட்டைவிரல் மேட்டுச் சதை வற்றியிருந்தாலோ மரத்துப்போவது நாள் முழுக்க நீடித்தாலோ ஊசியில் காலம் கடத்தக் கூடாது. திரையில் எவ்வளவு அழகாக மருந்து பரவினாலும் அந்த நரம்பு காத்திருக்காது.

பதில் 2 | மயக்கவியல்_மதுரை

நுனி விஷயத்தை நான் எடுத்துக்கொள்கிறேன். கேட்டது சரியான கேள்வி. விடை: இரண்டின் குறையும்தான்.

திரையில் தெரிவது காகிதத்தின் தடிமனில் ஒரு வெட்டு என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். உண்மையில் அது ஒரு பலகை. கையடக்க ப்ரோப் பெரும்பாலானவற்றில் இந்தத் தடிமன் 1–2 மி.மீ. இருக்கும், அதை லென்ஸ் நிரந்தரமாகக் குவிக்கும் ஆழமோ மணிக்கட்டு நரம்பு கிடக்கும் ஆழத்தைவிட அதிகம். 25 கேஜ் ஊசியின் வெளிவிட்டம் அரை மில்லிமீட்டர். ஆகவே ஊசி நரம்புக்குப் பக்கத்தில் இருந்தாலும் அதே பலகைக்குள் விழுந்துவிட்டால் நரம்புக்குள்ளே இருப்பது போலத் தெரியும். இதற்கு நேரெதிராகவும் நடக்கும்: ஊசி பலகையைக் குறுக்காக வெட்டிக்கொண்டு வெளியே போய்விட்டால், வெளியேறும் இடம் நுனி போலவே பளிச்சென்று நிற்கும். உண்மையான நுனி இன்னும் 3–4 மி.மீ. தள்ளி, காணாத இடத்தில் இருக்கும். உங்கள் மருந்து வேறெங்கோ விரிவதற்கு இதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

செய்ய வேண்டியது: ஊசியும் ப்ரோப்பும் ஒரே நேரத்தில் அசையக் கூடாது. நுனி மறைந்ததா, ஊசியை நிறுத்துங்கள். ப்ரோப்பை மட்டும் முதலில் பக்கவாட்டில் ஒரு மில்லிமீட்டர் நகர்த்துங்கள், கிடைக்காவிட்டால் சுழற்றுங்கள், பிறகு சாயுங்கள். மூன்றையும் சேர்த்துச் செய்தால் எது கைகொடுத்தது என்று தெரியாது. கிடைத்த பின் ஊசியை லேசாக ஆட்டினால் சுற்றியுள்ள திசு அசைவதில் நுனி எங்கே என்று புரியும். அதற்கு மேலும் சந்தேகம் என்றால் 0.2 மி.லி. உப்புநீர். கறுப்பாக ஒரு சிறு குளம் எங்கே திறக்கிறதோ அங்கேதான் நுனி. குளம் திரையில் திறக்கவே இல்லை என்றால் இரண்டாவது துளியைத் தள்ளாதீர்கள். நுனி பலகைக்கு வெளியே இருக்கிறது, இல்லையென்றால் சிரைக்குள் இருக்கிறது. சோதனைத் துளிக்கு ஸ்டீராய்டைப் பயன்படுத்த வேண்டாம். துகள்கள் பளிச்சென்று வெளுத்துப் படத்தையே கெடுத்துவிடும்.

தள்ளும்போது எதிர்ப்பு தெரிந்தால் டெண்டனுக்குள் இருக்கிறீர்கள். சற்றுப் பின்வாங்குங்கள். விரல்களில் மின்சாரம் பாய்வது போல நோயாளி சொன்னால் உடனே நிறுத்தி வெளியே இழுங்கள். இதனால்தான் கார்ப்பல் டனல் ஊசிக்கு முன் நரம்பை மரக்கச் செய்வது கூடாது. தோலில் மட்டும் 0.5 மி.லி. போதும்.

டேப்லெட் வைக்கும் இடத்தைப் பலரும் அலட்சியம் செய்கிறார்கள். கைமேசையின் எதிர்ப்பக்கத்தில், உங்கள் கண், ஊசி, திரை மூன்றும் ஒரே கோட்டில் வருமாறு வையுங்கள். தலையைத் திருப்பித் திரையைப் பார்த்தால் ஊசிக்கையும் கூடவே திரும்பும். ப்ரோப் பிடித்த கையின் சுண்டுவிரல் நோயாளியின் கையில் ஊன்றி இருக்கட்டும். படம் தேவைப்படாத நேரத்தில் ஃப்ரீஸ் போடுங்கள். இந்தச் சிறு ப்ரோப்கள் தொடர்ந்து ஓடினால் சூடேறி, தாமாகவே நின்றுவிடும். அது ஊசி உள்ளே இருக்கும்போது நடக்க வேண்டாம்.

அறுவைக்கு மரப்பூசியும் இதே ப்ரோப்பில் செய்வீர்கள் என்று எண்ணுகிறேன். மீடியன், அல்நார் நரம்புகளை மணிக்கட்டில் தேடாதீர்கள், முன்கையின் நடுவில் பிடியுங்கள். அங்கே அல்நார் நரம்பு தமனியை விட்டு விலகி நிற்கும். கீழே வர வரத்தான் இரண்டும் ஒட்டுகின்றன. ஒவ்வொன்றுக்கும் 3–5 மி.லி. போதும்.

டூர்னிக்கே (ரத்த ஓட்டத்தை நிறுத்தும் கைப்பட்டை) இல்லாமல் விழித்த நிலையில் செய்யும் முறைக்கு, கனடாவின் டொனால்ட் லலோண்ட் பரப்பியதற்கு, ஸ்கேன் கட்டாயமில்லை. கணக்குத்தான் முக்கியம். நமக்குக் கிடைக்கும் அட்ரினலின் கலந்த 2% லிக்னோகெய்னில் அட்ரினலின் 1:2,00,000. அதைச் சம அளவு உப்புநீரில் கலந்தால் 1% ஆகும், ஆனால் அட்ரினலின் 1:4,00,000 ஆக நீர்த்துவிடும். 1% உடன் 1:1,00,000 வேண்டுமென்றால் அட்ரினலின் இல்லாத 2% லிக்னோகெய்ன் 20 மி.லி., உப்புநீர் 20 மி.லி., 1 மி.லி.க்கு 1 மி.கி. உள்ள அட்ரினலின் 0.4 மி.லி. ஒவ்வொரு 10 மி.லி.க்கும் சோடியம் பைகார்பனேட் 1 மி.லி. சேர்த்தால் எரிச்சல் குறையும். உச்ச அளவு கிலோவுக்கு 7 மி.கி.; 60 கிலோ உடலுக்கு 420 மி.கி., அதாவது 42 மி.லி. போட்டபின் 25–30 நிமிடம் காத்திருங்கள், அதற்குமுன் கீறினால் ரத்தம் தொல்லை கொடுக்கும். பைகார்பனேட்டை பூபிவகெய்னில் கலக்காதீர்கள், படிந்துவிடும். அறையில் மரப்பு மருந்தின் நச்சு ஏறினால் கொடுக்கும் 20% லிப்பிட் எமல்ஷன் இருக்கிறதா என்று முதல் நோயாளிக்கு முன்பே பாருங்கள். முதல் டோஸ் கிலோவுக்கு 1.5 மி.லி.

பதில் 3 | ரேடியாலஜி_சென்னை

மற்ற மூன்று ஊசிகள் பற்றி. நான்கிலும் ஸ்கேனால் அதிகம் பலன் டி கெர்வைனில்தான் என்பது என் கருத்து. கட்டைவிரல் பக்க டெண்டன்கள் மணிக்கட்டில் ஓடும் சுரங்கமான முதல் எக்ஸ்டென்சர் அறைக்குள் பலருக்கு ஒரு தடுப்பு இருக்கும். கட்டைவிரலை விரிக்கும் நீண்ட தசையின் டெண்டன் ஒரு பக்கம், நீட்டும் குட்டைத் தசையின் மெல்லிய டெண்டன் மறுபக்கம். தடவிப் போடும்போது மருந்து பெரிய அறையில் விழுந்து, நோவு உள்ள சிறிய அறைக்குப் போகாமலேயே நின்றுவிடும். ஊசி வேலை செய்யவில்லை என்று வருகிறவர்களில் இதை முதலில் தேடுங்கள். ரேடியல் ஸ்டைலாய்டு (மணிக்கட்டின் கட்டைவிரல் பக்க எலும்பு முனை) மேல் ப்ரோப்பைக் குறுக்காக வையுங்கள். எலும்பில் ஒரு சிறு மேடு தெரிந்தால் அதன் மேல்தான் தடுப்பு நிற்கும். நீண்ட தசையின் டெண்டன் இரண்டு மூன்று இழையாகப் பிரிந்திருப்பது இயல்பு, அதைத் தடுப்பு என்று எண்ணிவிட வேண்டாம்.

டிரையாம்சினலோன் 10 மி.கி., லிக்னோகெய்னுடன் சேர்த்து மொத்தம் 1 மி.லி.; இரண்டு அறை என்றால் பாதிப் பாதி. மேலே செஃபாலிக் சிரையும் மேலோட்டமான ரேடியல் நரம்பின் கிளையும் ஓடுவதால், அவற்றைக் கண்டபின் ஊசி போகும் பக்கத்தை முடிவு செய்யுங்கள். மருந்து தோலடிக் கொழுப்பில் கசிந்தால் அந்த இடம் குழிந்து வெளுத்துவிடும். நம் நிறத்தில் அது மாதக்கணக்கில் தெரியும், இளம்பெண்கள் மிகவும் வருந்துவார்கள். இதைத் தடுக்க, வெளியே இழுப்பதற்கு முன் சிரிஞ்சை மாற்றி 0.2 மி.லி. உப்புநீரால் ஊசிக்குழியைக் கழுவிவிட்டு எடுங்கள்.

டிரிகர் ஃபிங்கருக்குத் தடவிப் போடும் ஊசியே நன்றாக வேலை செய்கிறது. மருந்து உறைக்குள் விழாமல் வெளியே விழுந்தாலும் குணமாகிறவர்கள் உண்டு. முதல் ஊசி பலிக்காதவருக்கும், புல்லியின் (டெண்டனை எலும்போடு பிடிக்கும் வளையத்தின்) மேல் நீர்க்கட்டி இருப்பவருக்கும் ஸ்கேன் பாருங்கள். கட்டைவிரலுக்கு மட்டும் கூடுதல் கவனம், ரேடியல் பக்க விரல்நரம்பு முதல் புல்லிக்கு மிக அருகில் குறுக்காகக் கடக்கிறது.

கட்டைவிரல் அடிமூட்டு சிறியது, 1 மி.லி.க்கு மேல் கொள்ளாது. உதவியாளர் கட்டைவிரலை இழுத்துப் பிடித்தால் இடைவெளி திறக்கும். எலும்பு முட்கள் உள்ள மூட்டில் தடவிப் போடுகிற ஊசி எலும்பில் மோதி நிற்கும், ஆகவே ஸ்கேன் அங்கே பயன். ரேடியல் தமனி பக்கத்திலேயே போகிறது, கலர் போட்டுப் பாருங்கள்.

யாரும் சொல்லாத ஒன்று: சட்டம். 1994-ஆம் ஆண்டின் கருவின் பாலினத் தேர்வுத் தடைச் சட்டத்துக்கு லீனியர் ப்ரோப், கைக்கான ப்ரோப் என்ற வேறுபாடு கிடையாது. போனில் செருகும் கருவியும் பதிவு செய்யப்பட்ட இடத்தில்தான் இருக்க வேண்டும், பதிவு இல்லாதவருக்கு விற்பதே குற்றம். 2012-இல் சேர்த்த விதி, எடுத்துச் செல்லக்கூடிய கருவிகளை இரண்டு நிலையில் மட்டும் அனுமதிக்கிறது: பதிவான வளாகத்துக்குள் உள்நோயாளிகளுக்கு, அல்லது வேறு மருத்துவ சேவைகளும் தரும் நடமாடும் மருத்துவ வண்டியில். உங்கள் கேள்வியில் இருப்பவை பொதுவாக வெளிநோயாளிப் பிரிவில் போடும் ஊசிகள். பகல்நேர அனுமதியாகப் பதிந்து செய்வதா என்பதை மாவட்டத் தகுதிவாய்ந்த அதிகாரியிடம் எழுத்தில் கேட்டுப் பெற்றுவிடுங்கள். புதுக் கருவி வாங்கினாலோ இடம் மாறினாலோ 30 நாள் முன்பே தெரிவிக்க வேண்டும். காலையில் மருத்துவமனை, மாலையில் கிளினிக் என்று ப்ரோப்பைப் பையில் போட்டுக்கொண்டு போவதே கருவியைப் பறிமுதல் செய்யப் போதுமான காரணம். முதல் குற்றத்துக்கு 3 ஆண்டு வரை சிறை என்பதை மறக்க வேண்டாம்.

கேள்வியாளர் | கைப்பிரிவு_திருச்சி

மூவருக்கும் மிக்க நன்றி. ஆழம் 4 செ.மீ.யில்தான் இருந்தது. சட்ட விஷயத்துக்குத் தனியாக நன்றி மேடம், பதிவுச் சான்றிதழை எடுத்துப் பார்க்கிறோம். இன்னும் இரண்டு: ப்ரோப்பைச் சுத்தமாக வைப்பது எப்படி, உறை கட்டாயமா? ஜூனியர் டாக்டர்கள் எதில் பழகலாம்?

பதில் 4 | மயக்கவியல்_மதுரை

உறை கட்டாயம். நீண்ட உறை இல்லையென்றால் ஒட்டும் வகை ஸ்டெரைல் ஃபிலிமை ப்ரோப் முகத்தில் காற்றில்லாமல் இழுத்து ஒட்டுங்கள், சுருக்கம் விழுந்த இடமெல்லாம் நிழல். உறைக்குள் சாதாரண ஜெல், வெளியே ஸ்டெரைல் பாக்கெட் ஜெல். பெரிய பாட்டில் ஜெல்லைத் தோலில் ஊசி போகும் இடத்தில் தடவாதீர்கள். அந்த ஜெல்லில் பர்க்ஹோல்டேரியா வளர்ந்து தொற்று பரவிய நிகழ்வுகள் பதிவாகியிருக்கின்றன. ஊசி ஜெல் வழியாக நுழையாமல், துடைத்த தோலில் நுழையட்டும். குளோர்ஹெக்சிடின் முழுதும் காய வேண்டும். ப்ரோப் முகத்தைத் துடைக்க எந்தத் திரவம் என்பதைக் கருவியின் கையேட்டில் பாருங்கள், ஸ்பிரிட் சில ப்ரோப்களின் ரப்பரில் வெடிப்பு விழச் செய்யும்.

பழகுவதற்குத் தோல் உரிக்காத கோழிக்கால் போதும். தசைக்கு நடுவே, தண்ணீர் நிரப்பி இரு முனையும் கட்டிய குழந்தைகளுக்கான ஃபீடிங் ட்யூபைச் செருகிவிடுங்கள். அதுதான் நரம்பு. ட்யூபைத் தொடாமல் அதன் மேலும் கீழும் 0.5 மி.லி. தண்ணீர் வைக்க வேண்டும். நுனி மறைந்தபோது ஊசி நகர்ந்ததா என்று பக்கத்தில் ஒருவர் பார்த்துச் சொல்லட்டும். தொடர்ந்து பத்து முறை நகராமல் இருந்தால் நோயாளிக்குப் போகலாம்.

பதில் 5 | கைஅறுவை_கோவை

இரண்டு விட்டுப்போனது. சர்க்கரை நோயாளிக்கு ஸ்டீராய்டுக்குப் பின் சில நாள் சர்க்கரை ஏறும். வீட்டில் பார்க்கச் சொல்லுங்கள், இன்சுலின் போடுகிறவர் என்றால் அவருடைய டாக்டருக்கும் தெரியட்டும். ஊசி போட்ட இடத்திலேயே அறுவை திட்டமிட்டால் 3 மாதம் தள்ளுங்கள், அதற்குள் செய்தால் தொற்று அதிகம்.

லிக்னோகெய்ன் கலந்த ஊசிக்குப் பிறகு விரல்கள் சில மணி நேரம் மரத்திருக்கும். பைக் ஓட்டிக்கொண்டு வீடு திரும்பக் கூடாது, சூடான டம்ளரை அந்தக் கையால் பிடிக்கக் கூடாது. இதை நோயாளியிடம் சொல்வதோடு, கூட வந்தவரிடமும் சொல்லி அனுப்புங்கள்.